கைவேலை ரத்தத்தில் வருவதில்லை

ஜெர்மனியில் பௌஹவுஸ் என்றொரு கலைப்பள்ளி இருந்தது. 1919இல் வைமார் நகரில் தொடங்கி, 1933இல் நாஜிகளின் நெருக்கடியால் பெர்லினில் மூடப்பட்டது. அங்கே முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவர்களில் ஒருவர் யோசெப் ஆல்பர்ஸ். ஒருநாள் அவர் கை நிறையப் பழைய செய்தித்தாள்களோடு வகுப்புக்கு வந்தார். ஆளுக்குச் சில தாள்களைக் கொடுத்து, இதை வைத்து ஏதாவது செய்யுங்கள், கத்தரியும் பசையும் இல்லாமல் முடிந்தால் இன்னும் நல்லது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சில மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால் கோட்டை, படகு, விமானம், முகமூடி என்று விதவிதமாகச் செய்து வைத்திருந்தார்கள். அவை ஆல்பர்ஸுக்குப் பிடிக்கவில்லை. இவற்றை வேறு பொருளில் இதைவிட நன்றாகச் செய்யலாமே, தாள் எதற்கு என்பது அவர் கேள்வி. ஒரு மாணவர் மட்டும் தாளை நீளவாக்கில் மடித்து நிமிர்த்தி வைத்திருந்தார். வேறு ஒன்றும் செய்யவில்லை. ஆசிரியர் எடுத்துக்காட்டியது அதைத்தான். துவண்டு விழும் தாள், ஒரு மடிப்பு விழுந்ததும் தன் விளிம்பிலேயே நிற்கிறது. படுத்துக் கிடந்தபோது ஒரு பக்கம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. நின்றதும் இரண்டு பக்கமும் தெரிகின்றன. அந்த வகுப்பில் இருந்த மாணவர் ஒருவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த நிகழ்ச்சி இது.

கையில் இருக்கும் இந்தப் பக்கத்தை வைத்து நீங்களும் செய்து பார்க்கலாம். (கட்டுரையைப் படித்த பிறகு செய்தால் போதும்.)

வன்கொடுமை வழக்கு, பஞ்சமி நிலம், சுடுகாட்டுப் பாதை என்று எழுதிவந்த பத்தியில் இந்த வாரம் தாள் மடிக்கும் கதை எதற்கு என்று கேட்பீர்கள். பிளஸ் டூ முடிவு வந்ததும் நம் பிள்ளைகள் நம்மிடம் விசாரிக்கும் படிப்புகளை எண்ணிப் பாருங்கள். நர்சிங், பாலிடெக்னிக், பி.காம்., போலீஸ் தேர்வு. இவற்றில் குறையொன்றும் இல்லை. ஆனால், கவின்கலைக் கல்லூரி என்ற பெயரை ஒரு பிள்ளையும் சொல்லிக் கேட்டதில்லை. சொன்னாலும் வீட்டில், ‘படம் வரைஞ்சா சோறு வருமா?’ என்ற ஒரே கேள்வியில் பேச்சு முடிந்துவிடும். சென்னையில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் 1850இல் தொடங்கிய பள்ளி அது. கும்பகோணத்தில் இன்னொன்று இருக்கிறது. மாமல்லபுரத்தில் கட்டடக்கலைக்கும் சிற்பக்கலைக்கும் தனியாக ஒரு அரசுக் கல்லூரி 1957இலிருந்து இயங்குகிறது. மூன்றும் நம் வரிப்பணத்தில் நடப்பவை. பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காடும் அதற்குள் அருந்ததியருக்கான 3 விழுக்காடும் அங்கேயும் உண்டு.

அங்கே முதலில் என்ன கற்றுக்கொடுக்கிறார்கள்? தட்டையான தாளில் வரைவதைப் பள்ளியிலேயே கொஞ்சம் பார்த்திருப்போம். நீளம், அகலம் என்ற இரண்டோடு கனமும் சேரும்போது பாடம் வேறாகிவிடுகிறது. முப்பரிமாண வடிவமைப்பின் அடிப்படை என்று அதற்குப் பெயர். பெயர்தான் பயமுறுத்தும். புள்ளி நகர்ந்தால் கோடு, கோடு நகர்ந்தால் பரப்பு, பரப்பு நகர்ந்தால் பருமன் என்று ஆரம்பிப்பார்கள். கம்பியை வளைத்து ஒரு பறவையைச் செய்யச் சொல்வார்கள். அதில் இறைச்சியே இருக்காது, காற்றுதான் இருக்கும். ஆனாலும் பறவை தெரியும். அட்டையை வெட்டி, மடித்து, ஒட்டாமல் ஒன்றோடொன்று கோத்து நிறுத்தச் சொல்வார்கள். அதன் பிறகு களிமண்.

களிமண் பாடம் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தக்கது. நிற்கும் மனிதனை மண்ணில் செய்ய வேண்டுமானால் மண்ணில் தொடங்க முடியாது. முதலில் உள்ளே கம்பியால் எலும்புக்கூடு கட்ட வேண்டும். எடை எந்தக் காலில் இறங்குகிறது, இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது, அதற்கு ஈடாகத் தோள் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதையெல்லாம் கம்பி கட்டும்போதே முடிவு செய்துவிட வேண்டும். தப்பாகக் கட்டினால், பாதி வேலையில் முழங்காலைப் பிய்த்துக்கொண்டு கம்பி வெளியே வரும். ராத்திரி ஈரத்துணி சுற்றி வைக்க மறந்தால் காலையில் மண் வெடித்திருக்கும். சூளையில் சுட வேண்டிய உருவமானால் உள்ளே குடைந்து கூடாக்க வேண்டும். பிளாஸ்டரில் அச்சு எடுத்தால், அச்சுக்குள் இருக்கும் மண்ணை நாமே தோண்டி எறிய வேண்டும். மூன்று வாரம் கண்விழித்துச் செய்ததைத் தன் கையாலேயே அழித்த பிறகுதான் சிலை கிடைக்கும். முதல்முறை இதைச் செய்யும் மாணவர்கள் அழுவதும் உண்டாம்.

இன்னொன்று, வெற்றிடம். கைக்கும் இடுப்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளியும் சிற்பத்தின் ஒரு பகுதி என்று சொல்லிக்கொடுப்பார்கள். சென்னை மெரினாவில் 1959இல் வைக்கப்பட்ட உழைப்பாளர் சிலையை எல்லோரும் பார்த்திருப்போம், பெரும்பாலும் பேருந்து சன்னலிலிருந்து. செய்தவர் 1929இலிருந்து சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அடுத்த முறை இறங்கிப்போய்ச் சுற்றிவந்து பாருங்கள். நான்கு உடல்களும் ஒரு பாறையும்தான். ஒவ்வோர் அடி நகரும்போதும் கால்களுக்கு நடுவே தெரியும் வானத்தின் வடிவம் மாறும். பாறையின் எடை நமக்குத் தெரிவது பாறையைப் பார்த்து இல்லை, அந்த முதுகுகளைப் பார்த்துத்தான். ஒரே இடத்தில் நின்று பார்ப்பவருக்குப் பாதிச் சிலைதான் கிடைக்கும்.

இந்தப் பாடத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது எங்களுக்குக் கமலை நினைவுக்கு வந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய வாசகர்கள் பார்த்திருப்பார்கள். மாடுகள் சரிவில் இறங்க இறங்கக் கிணற்றிலிருந்து சால் மேலேறி வரும். சாலின் அடியில் ஒரு தோல் குழாய் உண்டு. வால் என்போம். அதன் வாயைத் தனிக்கயிறு ஒன்று மேல்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும். கிணற்றுக்குள் இருக்கும்வரை குழாய் மடங்கி நின்று நீரைத் தாங்கும். மேட்டுக்கு வந்ததும் மடிப்பு நீளும், நீர் தானாகக் கொட்டும். மூடி கிடையாது, திருகு கிடையாது. மடிப்புதான் மூடி. ஆல்பர்ஸ் இதைப் பார்த்திருந்தால் வகுப்பில் தொங்கவிட்டிருப்பார் என்று நினைக்கிறோம். தட்டையான தோலைப் பருமனாக்குவது, எடையைக் கணக்கிடுவது, பொருளின் குணத்தையே பொறியாக்குவது எல்லாம் அந்த ஒரு வாலில் இருந்தன. கொங்குப் பகுதியில் அதைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். கூலி, களத்தில் அளந்து போட்ட தானியம். அவர்கள் தைத்த தோல் வழியாக ஊர் வயலெல்லாம் நீர் பாய்ந்தது. ஆனால், அதே ஊரின் குடிநீர்க் கிணற்றில் அவர்கள் குடம் இறக்க முடியாது.

1958இல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது அதைத் தொடர்ந்துதான். நாட்டில் தாங்கள் பார்த்த பொருள்களிலேயே மிக அழகானது என்று அவர்கள் சொன்னது நம் சொம்பை. எவ்வளவு நீர் பிடிக்கும், இடுப்பில் வைத்தால் எப்படி, தலையில் வைத்தால் எப்படி, காலியாக இருக்கும்போது எடை எங்கே நிற்கிறது, நிறைந்தபோது எங்கே, விளிம்பு கைக்கு எப்படி இருக்கிறது என்று அடுக்கடுக்காகக் கேள்விகளை எழுப்பினார்கள். அருமையான கேள்விகள். வடிவமைப்பு படிக்கும் மாணவர்கள் இன்றும் அந்தப் பகுதியைப் படிக்கிறார்கள். ஆனால், அந்தச் சொம்பை யார் தொடலாம், யாருக்குத் தூக்கி ஊற்ற வேண்டும், யார் குடித்தால் அதைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும் என்ற கேள்விகள் அந்தப் பட்டியலில் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு அது கண்ணில் படாமல் போயிருக்கலாம். இரட்டைக் குவளை வைத்திருந்த தேநீர்க்கடைகளைப் பார்த்து வளர்ந்த நமக்குப் பாத்திரம் என்றதும் முதலில் எழும் கேள்வியே அதுதான். நம் பிள்ளை அந்த வகுப்பில் உட்கார்ந்தால் அந்தக் கேள்வியும் அவரோடு உள்ளே வரும். வடிவமைப்புப் பாடத்துக்கு அதனால் லாபம்தான்.

இனி, கசப்பான பகுதிக்கு வருவோம். எங்களோடு தொடர்பில் இருக்கும் மாணவி ஒருவர் ஒரு கவின்கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். அப்பா செருப்புத் தைப்பவர். முதலாண்டில் ஒரே அட்டையை வெட்டாமல் மடித்து, நீர் ஊற்றினால் நிற்கும் கலம் ஒன்றைச் செய்திருந்தார். வகுப்பே கூடி நின்று பார்த்தது. ஆசிரியரும் பாராட்டினார். “உனக்கென்னம்மா, இதெல்லாம் உங்க ரத்தத்துலயே இருக்கு” என்றார். அடுத்த மேசையில் இருந்த மாணவரின் வேலையைப் பார்த்து, “நல்ல சிந்தனை” என்றார்.

ஆசிரியர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். அதுதான் சிக்கலே. ஒருவருக்குச் சிந்தனை, இன்னொருவருக்கு ரத்தம். அந்தப் பெண்ணை அவருடைய அப்பா குத்தூசியைத் தொடவே விட்டதில்லை. பட்டறைப் பக்கம் வந்தாலே, ‘போய்ப் படி’ என்று விரட்டுவாராம். விடுதியில் பதினொரு அட்டைகளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பன்னிரண்டாவதில் அந்த மடிப்பைக் கண்டுபிடித்தவர் அவர். அந்த ராத்திரிகளையெல்லாம் ஒரு சொல்லில் அழித்து, பிறப்பின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

ஆல்பர்ஸின் அப்பாவும் கைத்தொழிலாளிதான். வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர். மரவேலையும் இன்னும் பல வேலைகளும் தெரிந்தவர். அப்பாவிடம் கற்றதை ஆல்பர்ஸ் வாழ்நாள் முழுவதும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அதனால் அவரை யாரும் வண்ணம் அடிக்கப் போ என்று சொல்லவில்லை. (பௌஹவுஸும் சொர்க்கம் அல்ல. ஆணும் பெண்ணும் சமம் என்று அறிவித்துவிட்டு, சேர்ந்த பெண்களில் பெரும்பாலோரை நெசவுப் பட்டறைக்கே தள்ளினார்கள்.) அங்கே அப்பாவின் தொழில் மகனுக்கு ஒரு தொடக்கம். இங்கே அது ஒரு வசைச்சொல். இல்லையென்றால், அந்த ஆசிரியர் சொன்னதுபோல, வசையைவிட நாசூக்கான ஒரு பாராட்டு.

இந்த இடத்தில் வாசகர் ஒருவர் எழுந்து, ‘அப்படியானால் குலக்கல்வி சரி என்கிறீர்களா?’ என்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும். 1953இல் ராஜாஜி அரசு தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அரைநாள் பள்ளி, மீதி அரைநாள் பெற்றோர் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தது. பெரியாரின் இயக்கமும் மற்றவர்களும் எதிர்த்துப் போராடினார்கள். 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அது போயிராவிட்டால் இந்தக் கட்டுரையை எழுதும் கை வேறு வேலை செய்துகொண்டிருக்கும். 2023இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தபோது தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்ததும் இந்த நினைவினால்தான்.

நாம் கேட்பது நேர் எதிரானது. குலக்கல்வி, செருப்புத் தைப்பவர் பிள்ளைக்கு மட்டும் தோலைக் கொடுத்தது. முப்பரிமாணப் பாடம் வகுப்பில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே மண்ணைக் கொடுக்கிறது. வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளையும் முழங்கை வரை சேறாக வேண்டும். துப்புரவுப் பணியாளர் வீட்டுப் பிள்ளைக்கும் அந்தச் சேற்றுக்கு மதிப்பெண் உண்டு, பட்டம் உண்டு, அதன் கோட்பாட்டை மேடையில் நின்று பேசும் உரிமை உண்டு. தொழிலைப் பிறப்பிலிருந்து கழற்றிப் பாடமாக்கினால் இப்படித்தான் இருக்கும். கழற்றாமல் பட்டம் மட்டும் கொடுத்தால், ‘ரத்தத்தில் இருக்கிறது’ என்ற பேச்சு தொடரும்.

மாமல்லபுரம் கல்லூரி இதற்கு நல்ல சான்று. சில குடும்பங்களுக்குள் அப்பனிடமிருந்து மகனுக்குப் போய்க்கொண்டிருந்த சிற்ப இலக்கணம், 1957க்குப் பிறகு பாடத்திட்டமாக மாறியது. மதிப்பெண் சான்றிதழோடு விண்ணப்பிக்கலாம் என்ற நிலை வந்தது. அங்கே சொல்லிக்கொடுக்கும் அளவு முறைக்குத் தாளம் என்று பெயர். முகத்தின் நீளம் ஒரு தாளம். பெருந்தெய்வங்களுக்குப் பத்துத் தாளம், பிள்ளையாருக்கு ஐந்து, பூதகணங்களுக்கு நான்கு என்று படிநிலை போகும். அளவுகோலுக்குள்ளும் மேல் கீழ் உண்டு என்பதை அந்த இலக்கணத்தைப் படித்தவர்தான் கண்டுபிடிக்க முடியும், வேண்டுமானால் மாற்றவும் முடியும். தமிழ் படித்தவர்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மண்ணில் உருவம் செய்பவர்களுக்கு மண்ணீட்டாளர் என்ற அழகான சொல் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. புகார் நகரத்தில் அவர்களுக்கு ஓர் இடமும் இருந்தது. அந்தச் சொல்லை நாம் எப்போது தொலைத்தோம் என்று தெரியவில்லை. மீட்டெடுக்கலாம்.

சேர்வது பெரிய மலை இல்லை. பிளஸ் டூ தேர்ச்சியும் செயல்முறைத் தேர்வும் வேண்டும். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் இறுதிக்கட்டத் தேர்விலும் கொடுத்த பொருளை வைத்துச் செய்து காட்டும் பகுதி உண்டு. நகரத்தில் இதற்குப் பயிற்சி மையங்கள் பெருந்தொகை வாங்குகின்றன. கிராமத்து மாணவருக்குப் பொருள் இலவசம். ஏரி வண்டல், பனையோலை, கட்டுக்கம்பி, செய்தித்தாள். வீட்டில் இருக்கும் ஒரு குடத்தையோ உரலையோ நான்கு பக்கத்திலிருந்தும் வரையுங்கள். பிறகு அதைக் கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவிப் பார்த்து மண்ணில் செய்யுங்கள். கை பார்ப்பதும் கண் பார்ப்பதும் ஒன்றல்ல என்பது அப்போது விளங்கும். தினம் ஒரு மணி நேரம், ஆறு மாதம் போதும்.

சேர்ந்த பிறகுதான் சிரமம். கட்டணத்தைக் கல்வி உதவித்தொகை பார்த்துக்கொள்ளும். பிளாஸ்டரையும் கம்பியையும் அச்சுக்கான ரப்பரையும் யார் பார்த்துக்கொள்வார்கள்? பி.ஏ. மாணவருக்குப் புத்தகம் நூலகத்தில் கிடைக்கும். சிற்ப மாணவருக்கு மூட்டை நூலகத்தில் கிடைக்காது. பொருள் வாங்கப் பணம் இல்லாமல் சிறிய அளவிலேயே எல்லாவற்றையும் செய்து, மதிப்பெண்ணை இழக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். சிறியதாகச் செய்வது அவர்களின் பாணி என்று நினைத்துக்கொள்கிறார்கள், அது பர்ஸின் அளவு. உதவித்தொகையோடு பொருள்செலவுக்கென்று தனித்தொகை வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் ஓர் அறையையாவது மண்ணும் மேசையும் போட்டுத் திறந்துவிட வேண்டும். ஓவிய ஆசிரியர்களைப் பகுதிநேரமாகவே வைத்துக்கொண்டு கலைக் கல்வி பற்றிப் பேசுவதை நிறுத்த வேண்டும்.

இதெல்லாம் எதற்கு, வேலை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: அனிமேஷன், பொம்மை, மரச்சாமான், திரைப்பட அரங்கம், மட்பாண்டத் தொழில், ஆசிரியர் பணி என்று வழிகள் இருக்கின்றன. அரசு வேலையைப் போல நிச்சயமானவை என்று பொய் சொல்ல மாட்டோம்.

ஆனால், நம் தெருவிலேயே ஒரு வேலை காத்திருக்கிறது. நாடாளுமன்ற வளாகத்தில் 1967இல் திறக்கப்பட்ட, பி.வி. வாக் செய்த வெண்கலச் சிலையில் அண்ணல் கையை நீட்டிச் சுட்டுவிரல் காட்டி நிற்கிறார். அதே தோற்றம் இன்று ஊர் ஊராக சிமென்டில் நிற்கிறது. இளைஞர்கள் வீடு வீடாக வசூலித்து, சாலையோரப் பட்டறையில் சொல்லி வைத்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். தலை பெருத்தும் கால் குட்டையாகவும் இருக்கும். உயர்ந்த பீடத்தில் நிற்கும் சிலைக்குத் தலையைக் கொஞ்சம் பெரிதாக்குவதில் நியாயம் உண்டு, கீழிருந்து பார்ப்பவருக்கு மேலே இருப்பது சிறுத்துத் தெரியும். எவ்வளவு என்பதில்தான் படிப்பு இருக்கிறது. நீட்டிய விரலுக்குள் கம்பி ஓடவில்லை என்றால், சாதி வெறியர் வந்து உடைக்க வேண்டியதில்லை, இரண்டு மழைக்காலம் போதும். அப்புறம் விரலுக்காக ஒரு சாலை மறியல். விரல் தானாக விழுந்ததா, உடைக்கப்பட்டதா என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது.

பிறகு கூண்டு. சுற்றிவந்து பார்க்க வேண்டிய உருவத்தைக் கம்பிக்குள் அடைத்துவிட்டால் சிற்பத்தின் வெற்றிடமே போய்விடுகிறது. பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது அரசியல் சட்டம் எழுதியவர் இல்லை, பூட்டு.

மேலே சொன்ன மாணவியின் ஊரிலும் இப்போது சிலை வைக்கிறார்கள். கமிட்டிக்காரர்கள் அவரிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள். விரலுக்குள் எவ்வளவு கனத்தில் கம்பி ஓட வேண்டும், பீடம் எவ்வளவு உயரம் இருந்தால் தெருவில் நடப்பவருக்கு முகம் தெரியும், சுற்றிலும் எத்தனை அடி காலியாக விட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அமைதிப் பேச்சுவார்த்தையில் அதிகாரிகள் கூண்டு இருந்தால்தான் அனுமதி என்கிறார்கள். மாணவி இரண்டு மாதிரிகளைக் களிமண்ணில் செய்து அனுப்பினார். ஒன்று கூண்டோடு, இன்னொன்று கூண்டில்லாமல். இரண்டும் இப்போது ஊர்ச் சமுதாயக்கூடத்தின் சன்னல் மேடையில் இருக்கின்றன. கமிட்டி அடுத்த ஞாயிறு கூடுகிறது.